பரிசிலும் பயன்பாட்டுச் சான்றிதழும்

பல்கலைக்கழகங்களில் ஆய்வுக்கு வழங்கப்படும் பணத்தை ‘நல்கை’ என்கிறார்கள். அரசு அலுவலகங்களில் அதற்குப் பெயர் ‘மானியம்’. உரத்துக்கும் எரிவாயு உருளைக்கும் கிடைப்பது போலவே கலைக்குக் கிடைப்பதும் மானியம்தான். இவ்விரண்டு சொற்களும் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் ‘பரிசில்’ என்ற சொல் இருந்தது. அதைப் பெறப் போகும் வழியைச் சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகையும் இருந்தது. பத்துப்பாட்டில் ஐந்து, ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வரும் வறிய கலைஞனை நிறுத்தி, எந்த வழியில் போக வேண்டும், இடையில் எந்த நிலங்களைக் கடக்க வேண்டும், வாயிலில் எப்படி வரவேற்பார்கள் என்றெல்லாம் விரிவாகச் சொல்கிறான். தன் புரவலனின் வாயிலை இன்னொருவனுக்குக் காட்டினால் தன் பங்கு குறைந்துவிடும் என்று அவன் எண்ணுவதில்லை.

குறும்படத்துக்கு நல்கை தேடி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில், அந்த மரபில் ஒரு சிறு உரைநடையையாவது எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. பழைய பாணன் சொல்லாத ஒன்றையும் இதில் சேர்க்க வேண்டியிருக்கிறது. சில வாயில்களில் பரிசிலைக் கையில் வாங்குவதற்கு முன் பாட்டின் கடைசி அடியை மாற்றித் தரும்படி கேட்பார்கள்.

நான் எடுக்க விரும்பியது 19 நிமிடப் புனைவுப் படம். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் அதிகாலை மூன்று மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, வெயில் ஏறியபின் திரும்பிவரும் வரையிலான நேரமே கதை. அதற்குள் அவள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: பள்ளிப் படிப்பு நின்றுபோன மகளை நாளை முதல் அளத்துக்கு அழைத்து வருவதா, கூடாதா? ராஜம் கிருஷ்ணன் 1979இல் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் அந்த நிலத்தை எழுதிவிட்டார். அந்த நாவலை வாசித்த எவருக்கும் உப்புப் பாத்தியின் வெண்மை அழகிய காட்சியாக மட்டும் தெரியாது. நடிக்க ஒப்புக்கொண்டவர்களும் அங்கே வேலை செய்யும் பெண்கள்தாம்.

ஒரு தாளில் கணக்குப் போட்டோம். கேமரா, லென்ஸ் வாடகை 90,000 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 45,000. நடிக்கும் பெண்களின் கூலி 42,000. உணவு, தங்குமிடம், பயணம் 68,000. படத்தொகுப்பு, ஒலிக்கலவை, நிறத்திருத்தம் 75,000. துணைத்தலைப்பு, ஹார்ட் டிஸ்க், திரைவிழா நுழைவுக் கட்டணங்கள் 40,000. ஆக மொத்தம் 3,60,000 ரூபாய். வணிகப் படம் ஒன்றின் ஒரு நாள் படப்பிடிப்புக்குக்கூட இது போதாது. இருந்தும், மாதச் சம்பளக்காரன் ஒருவனுக்கு இது பெரிய தொகைதான்.

இந்தத் தொகையை ஏன் யாரும் முதலீடாகப் போடுவதில்லை என்பதற்குப் பதில் எளிது. குறும்படத்துக்குச் சந்தை விலை கிடையாது. திரையரங்கில் அதற்கு இடமில்லை. இணையத்தில் இடமுண்டு, விலை இல்லை. தமிழில் குறும்படத்துக்கு ஒரே ஒரு பொருளாதார மதிப்பு உருவாயிற்று. அது முகவரி அட்டையின் மதிப்பு. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றோர் வந்தார்கள். 2012இல் ‘பீட்சா’வும் 2013இல் ‘சூது கவ்வும்’ படமும் வெளியாயின. தமிழ்த் திரையில் புதிய காற்று வீச அந்த வழி உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் முகவரி அட்டையை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, வேலை முடிந்ததும் அது மேசையிலேயே கிடந்துவிடும். சிறுகதையை நாவலுக்கான ஒத்திகை என்று நாம் சொல்வதில்லை. மௌனி நாவல் எழுதவில்லை என்பதை யாரும் குறையாகக் கருதுவதில்லை. குறும்படத்துக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை? முழுநீளப் படத்துக்கு அழைத்துச் செல்லாத குறும்படம் தன் காலில் நிற்க வேண்டுமானால், திரும்பி வராத பணம் அதற்குத் தேவை. நல்கையின் அவசியம் இங்கே தொடங்குகிறது.

திரும்பி வராத பணம் எங்கிருந்து வருகிறது? பிரான்ஸில் 1946இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட மையம், திரையரங்க நுழைவுச்சீட்டின் விலையில் 10.72 விழுக்காட்டை வரியாகப் பெற்று, அதை மீண்டும் திரைப்படத்துக்கே செலவிடுகிறது. குறும்படங்களுக்கும் அதில் பங்குண்டு. அமெரிக்க சாகசப் படத்துக்கு அங்கே சீட்டு வாங்குபவர், அறிந்தோ அறியாமலோ ஓர் இளைஞனின் குறும்படத்துக்கும் கொஞ்சம் கொடுத்துவிடுகிறார். இதுவும் தானாக வந்துவிடவில்லை. 1953இல் அரசாணை ஒன்று குறும்படங்களுக்கு இருந்த பாதுகாப்பை அகற்ற முனைந்தபோது, அலென் ரெனே, ஜார்ஜ் ஃபிரான்ஜூ முதலியோர் ‘முப்பதின்மர் குழு’வாகத் திரண்டு எதிர்த்தார்கள். தரத்தின் அடிப்படையில் குறும்படங்களுக்கு உதவும் முறை அந்தப் போராட்டத்துக்குப் பின் உருவானது. ஜெர்மனியில் 1962 பிப்ரவரி இறுதியில் ஓபர்ஹௌசன் குறும்பட விழாவில் 26 பேர் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 1965இல் இளம் ஜெர்மானியத் திரைப்படத்துக்கான நிதியமைப்பு ஏற்பட்டது. கையெழுத்திட்டவர்களில் ஒருவரான அலெக்ஸாண்டர் குளூகேயின் முதல் முழுநீளப் படம் 1966இல் அந்த உதவியுடன் வந்தது. நல்கை என்பது அரசனின் மனமிரக்கம் அன்று, கேட்டுப் பெற்ற உரிமை என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

இந்தியாவிலும் அப்படி ஒரு வாய்க்கால் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். 1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களையும் ஆவணப்படங்களையும் காட்சிக்கு முன் திரையிட வேண்டும் என்பது திரையரங்குகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. அதற்கு வாடகையாக வசூலில் ஒரு சிறு பங்கையும் அவர்கள் கட்டினார்கள். என் தலைமுறைக்கு முந்தியவர்கள் அந்தச் சில நிமிடங்களில் வெளியே நின்று பீடி பிடித்த கதையைச் சொல்வார்கள். பிரமோத் பதி, எஸ்.என்.எஸ். சாஸ்திரி போன்றோர் அந்த அரசு நிறுவனத்துக்குள் இருந்தபடியே துணிச்சலான பரிசோதனைகளைச் செய்ததும் உண்மை. ஆனால் வாய்க்காலின் நீர் ஒரே குளத்துக்குத்தான் போயிற்று. வெளியே இருந்த சுயாதீனக் கலைஞனின் வயலுக்கு மடை திறக்கப்படவில்லை. அந்த நிறுவனமும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளிக்கப்பட்டது. பிரான்ஸில் வரியே கலைக்கான நிதியானது. இங்கே வரியை விட்டுக்கொடுப்பது கலைக்கான உதவியானது. விட்டுக்கொடுக்கப்பட்ட வரியிலிருந்து, நுழைவுச்சீட்டே விற்காத குறும்படத்துக்கு என்ன கிடைத்துவிட முடியும்?

அயல்நாட்டு நிதிகளைப் பற்றி நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ராட்டர்டாம் திரைவிழாவை நிறுவிய ஹூபர்ட் பால்ஸ் 1988இல் மறைந்தபின் அவர் பெயரில் ஏற்பட்ட நிதி, 2004இல் பெர்லின் விழா தொடங்கிய உலகத் திரைப்பட நிதி ஆகிய இரண்டும் புகழ்பெற்றவை. திலீப்குமாரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு அருண் கார்த்திக் இயக்கிய ‘நசீர்’ (2020) ஹூபர்ட் பால்ஸ் நிதியின் உதவியைப் பெற்றது. தமிழ்ச் சிறுகதை ஒன்று கோயம்புத்தூர்த் தெருக்கள் வழியாக ராட்டர்டாம் வரை சென்றது நமக்கெல்லாம் மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இந்த இரு நிதிகளும் முழுநீளப் படங்களுக்கானவை. 19 நிமிடப் படத்துடன் அங்கே போய் நிற்பது, வெண்பா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காப்பியப் போட்டிக்குப் போவதைப் போன்றது.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைகளை முறைப்படுத்தும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. அதன்படி, அத்தகைய நன்கொடையைப் பெறும் இந்திய அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கோ நபருக்கோ கைமாற்றிவிட முடியாது. பெரிய அறக்கட்டளை வெளிநாட்டிலிருந்து பெற்று, சிறிய குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய வழி அதோடு அடைபட்டது. எனவே விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “உங்கள் பணம் எங்கிருந்து வருகிறது, அதைத் தனிநபருக்குத் தர உங்களால் முடியுமா?” என்பதே. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. நேர்மையான அமைப்பு ஒரே கடிதத்தில் பதில் சொல்லிவிடும்.

அப்படியானால் திறந்திருக்கும் வாயில்கள் எவை? பெங்களூரில் 1993இல் தொடங்கப்பட்ட இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை 1995 முதல் நல்கை வழங்கிவருகிறது. இந்திய மொழிகள் எதிலும் விண்ணப்பம் எழுத அது இடமளிப்பது தமிழில் மட்டும் சிந்திக்கத் தெரிந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் ஏற்கெனவே எழுதி முடித்த திரைக்கதைக்குச் செலவுத்தொகை கேட்பவர்களைவிட, கலை வடிவத்தைப் பற்றி ஒரு கேள்வியோடு வருபவர்களுக்கே அது பொருத்தமான இடம். தில்லியில் 2000இல் தொடங்கிய பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை, தூர்தர்ஷனுடன் இணைந்து நூற்றுக்கணக்கான சுயாதீன ஆவணப்படங்களுக்குக் கைகொடுத்தது. புனைவுக் குறும்படம் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. சிங்கப்பூர்த் தமிழர்களின் நிலை வேறு. அங்கே 1998இல் அமைந்த திரைப்பட ஆணையம் குறும்படங்களுக்கே நல்கை வழங்கியிருக்கிறது. 2015இல் அரசின் உதவியுடன் 7 குறும்படங்களைக் கோத்து வெளியான ‘செவன் லெட்டர்ஸ்’ படத்தின் ஏழு இயக்குநர்களில் ஒருவர் கே. ராஜகோபால் என்ற தமிழர்.

நான் 2022 மார்ச்சில் விண்ணப்பித்த இடம் இவற்றில் எதுவும் இல்லை. சமூகப் பணிகளுக்கு நிதியளிக்கும் ஓர் அறக்கட்டளை அது; பெயர் இங்கே தேவையில்லை. ஆகஸ்டில் பதில் வந்தது. படம் பிடித்திருக்கிறது, முழுத்தொகையையும் தர விருப்பம், ஒரே ஒரு திருத்தம் வேண்டும் என்றார்கள். கடைசிக் காட்சியில் மகள் சீருடையுடன் பள்ளி வாயிலுக்குள் நுழைய வேண்டும். ‘பார்வையாளருக்கு நம்பிக்கை அளிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். மரியாதையான கடிதம்தான். அவர்கள் கெட்டவர்களும் அல்லர். பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையை உண்மையாகவே செய்பவர்கள். அதனால்தான் மறுப்பது கடினமாக இருந்தது.

அந்தக் கடிதத்தின் சாரத்தை, முதன்மைப் பாத்திரத்தில் நடிக்கவிருந்த அக்காவிடம் சொன்னேன். பணம் கிடைத்தால் அவருக்கும் உடனே கூலி கிடைக்கும். அவரைக் கேட்காமல் நான் ஒரு முடிவுக்கு வருவது முறையில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பள்ளிக்கூடத்துக்குப் போறதுதான் நடக்கும்னா நான் எதுக்குத் தம்பி நடுராத்திரியில உக்காந்து யோசிக்கேன்?” என்றார். திரைக்கதை முழுவதும் நான் சொல்ல முயன்றதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். முடிவெடுக்கும் நிலையில் இருப்பவளின் தத்தளிப்பே படம். கடைசியில் பள்ளி வாயிலைக் காட்டிவிட்டால் அதுவரை அவள் பட்ட பாடெல்லாம் வீண் கவலையாகிவிடும்.

புறநானூற்றின் 208ஆம் பாடல் அப்போது நினைவுக்கு வந்தது. பெருஞ்சித்திரனார் அதியமானை நாடி மலைகள் கடந்து வருகிறார். அவனோ அவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். அதை அவர் ஏற்கவில்லை. வணிகனைப் போலப் பொருளுக்காக மட்டும் வந்தவன் அல்லன் தான், தன் தகுதியை அறிந்து தருவது சிறிதாயினும் அது போதும் என்கிறார். வறுமையில் இருந்தவர் அவர் என்பதையும் அவருடைய பிற பாடல்கள் சொல்கின்றன. புரவலன் புலவனைக் காண வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. அந்த அறக்கட்டளை என் விண்ணப்பத்தைப் படித்தது, ஆனால் படத்திலிருந்த பெண்ணைக் காணவில்லை என்றே எனக்குப் பட்டது. நன்றி சொல்லி, திருத்தம் செய்ய இயலாமையை விளக்கி எழுதினேன். அவர்களும் வாழ்த்து அனுப்பி முடித்துக்கொண்டார்கள்.

அதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. உப்பளத்துக்கு வெயிலே முதல். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். பெண்களுக்கு வேலையில்லை, எங்களுக்குப் படமில்லை. நல்கை தரும் அமைப்புகளின் நாட்காட்டிக்கும் நிலத்தின் நாட்காட்டிக்கும் தொடர்பே இல்லை என்பதை விண்ணப்பிப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. மார்ச்சில் கேட்டால் பணம் கைக்கு வர நவம்பர் ஆகும். ஆகவே ஒரு பருவம் முந்தித்தான் கேட்க வேண்டும்.

ஜான் ஆபிரகாமின் வழியைப் பற்றி எங்கள் குழுவில் பேச்சு எழுந்தது அந்த மழைக்காலத்தில்தான். தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) எடுத்தவர், கேரளத்தில் 1984இல் ஒடேசா என்ற கூட்டமைப்பை நண்பர்களுடன் தொடங்கி, ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டு மக்களிடம் திரட்டிய பணத்தில் ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார். அதற்கும் முன்பு 1976இல் ஷ்யாம் பெனகலின் ‘மந்தன்’ படத்துக்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். இணையத்தின் வழியே திரட்டிய பணத்தில் பவன் குமாரின் கன்னடப் படமான ‘லூசியா’ 2013இல் வந்தது. வழிகள் மாறினாலும் கை நீட்டுவது ஒன்றுதான்.

எங்கள் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய குடும்ப அறக்கட்டளை 1,50,000 ரூபாய் தந்தது. திரைக்கதையில் ஒரு சொல்லையும் அவர்கள் மாற்றச் சொல்லவில்லை; படப்பிடிப்பு நடக்கவிருந்த இடத்தைப் பார்க்க ஒருவர் நேரில் வந்தார். 87 பேர் சேர்ந்து 1,60,000 ரூபாய் கொடுத்தார்கள். அதில் மிகச் சிறிய தொகை 100 ரூபாய். அனுப்பியவர் ஒரு கல்லூரி மாணவி. மீதி 50,000 என் சேமிப்பு. அறக்கட்டளையின் பணம் மூன்று தவணையாக வந்தது: முதலில் 75,000, படப்பிடிப்புக்குப் பின் 45,000, படத்தையும் தணிக்கையாளர் கையெழுத்திட்ட பயன்பாட்டுச் சான்றிதழையும் ஒப்படைத்த பிறகு 30,000. கடைசித் தவணை எப்போதுமே செலவு முடிந்தபின் வருவது. அந்த அளவுக்கான பணத்தை முன்னதாகவே வேறிடத்தில் வைத்திருக்காதவர்களின் படங்கள் ஒலிக்கலவை மேசையில் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

2023 ஜூனில் ஐந்து நாள்களில் படமெடுத்தோம். பெண்களின் கூலியை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த உடனே கொடுத்தோம். திரைவிழாக் கட்டணத்தைத் தள்ளிப்போடலாம், கூலியைத் தள்ளிப்போட முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டம் முழுவதும் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் கரைந்துபோயின. நாங்கள் படமெடுத்த பாத்திகளின் வரப்புகளும் போயின. திருத்தத்துக்கு ஒப்பாமல் இன்னும் ஒரு பருவம் காத்திருந்திருந்தால் அந்த இடமே எங்களுக்குக் கிடைத்திருக்காது. பருவம் தவறாமல் வந்த 87 பேரின் சிறு தொகைகள்தாம் அந்தப் பாத்திகளைப் படத்திலாவது மிச்சம் வைத்தன.

படம் 2024இல் முடிந்தது. சில விழாக்கள் ஏற்றன, பல விழாக்கள் ஏற்கவில்லை. முதல் திரையிடலைத் தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் வைத்தோம். படம் முடிந்ததும் நடித்த பெண்களில் ஒருவர், “அப்போ அந்தப் பிள்ளைய வேலைக்குக் கூட்டிட்டுப் போனாளா, இல்லையா?” என்று கேட்டார். இன்னொருவர், “அதத்தான நம்மகிட்ட கேக்காங்க” என்றார். அடுத்த அரைமணி நேரம் அவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் சிற்றிதழ் மரபில் வந்தவர்கள். சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது நல்கை எதற்கும் காத்திருக்கவில்லை. சில நூறு வாசகர்களின் சந்தாவும் ஆசிரியரின் வீட்டுப் பணமுமே தமிழ்ப் புதுக்கவிதைக்குப் புரவலர்களாக இருந்தன. அந்தச் சுமை ஓர் ஆசிரியரின் வீட்டின்மேல் மட்டும் விழுந்தது நியாயமில்லை என்பதும் நமக்குத் தெரியும். 20 பேர் மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் ஆகிறது. எங்களுடையதைப் போன்ற படம் ஒன்றின் செலவில் மூன்றில் ஒரு பங்கு அது. ஆண்டுக்கு ஒரே படம், திரைக்கதையைப் படிக்க மூவர், படப்பிடிப்பு இடத்துக்கு ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது, கடைசிக் காட்சியில் கைவைக்காமல் இருப்பது, கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைப்பது. விதிகள் இவ்வளவு போதும். பணம் உப்புப் பருவத்துக்கோ அறுவடைக்கோ, படம் கேட்கிற மாதத்துக்கு முன்பாகக் கைக்குச் சேர வேண்டும் என்பதை மட்டும் ஆறாவது விதியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.